கோத்தகிரி மூடுபனில ஒரு பாலைவன உப்புச்செடி: விதை ஊறப்போடுறதுல இருந்து இலையில உப்பு பாக்குற வரைக்கும்

அக்டோபர் பொறந்துட்டா எங்க வீட்டு அடுப்படியில கல்லுப்பு ஜாடி தானா தண்ணி விட ஆரம்பிச்சிடும். அரிசி போட்டு வச்சாலும் சரி மூடிய இறுக்கி வச்சாலும் சரி, நாலு நாள்ல அடியில உப்புத்தண்ணி நிக்கும், ஊட்டி கொடைக்கானல் கோத்தகிரில இருக்குறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுச்சுன்னா உப்பு அந்த ஈரத்த இழுத்து தானே கரைஞ்சிடும், அதான் காரணம். போன வருஷம் அதே நேரத்துல வீட்டோரமா வச்சிருந்த ஒரு தொட்டிச்செடியும் இதே மாதிரி பண்ணுச்சு. பக்கத்துல ஜெரேனியம் இலையெல்லாம் காஞ்சுதான் இருக்கு, மழையும் இல்ல, இந்த ஒரு செடியோட இலை மட்டும் நனைஞ்சு பளபளன்னு நிக்குது. விரல்ல தொட்டு நாக்குல வச்சேன், நல்ல உப்பு.

அந்தச் செடி பேரு ஆட்ரிப்ளெக்ஸ் நுமுலேரியா, ஆஸ்திரேலியாக்காரங்க ஓல்ட் மேன் சால்ட்புஷ்னு சொல்லுவாங்க, எங்க வீட்ல உப்புச்செடி. நுமுலேரியான்னா காசு மாதிரின்னு அர்த்தம், இலை அப்படித்தான் ஒரு ரூபா காசு சைஸ்ல வட்டமா, மேல சாம்பல் பூசுன மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பூமில தானா வளர்ற புதர், அங்க ஆளு உசரத்த தாண்டி 3 மீட்டர் வரைக்கும் போகும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) அதே ஆஸ்திரேலியால இருந்து 1840கள்லயே நம்ம மலைக்கு வந்துடுச்சு, ஆனா அதெல்லாம் மழை பெய்யற ஓரத்துச் சரக்கு, இது காஞ்ச நடு நாட்டுச் சரக்கு.

இத மலைல வளர்க்கணும்னு நான் ஆசைப்பட்டதுக்கு ஒரே காரணம், பாடப்புத்தகத்துல "உவர்நிலத் தாவரங்கள்"னு ரெண்டு வரில முடிச்சிடுற விஷயத்த நம்ம கண்ணால பாக்கலாம், கையால தொட்டு பாக்கலாம். ரெண்டு வருஷம் வளர்த்து, ஒரு தடவ முழுசா பறிகொடுத்து கத்துக்கிட்டத கீழ வரிசையா எழுதுறேன்.

மொதல்ல இந்த உப்பு கணக்கு புரியணும், இது புரியலன்னா செடி கண்டிப்பா செத்துடும்

நம்ம மலைல மண்ணுல உப்பே கெடையாது. இத்தன மழை பெய்ஞ்சு பெய்ஞ்சு சோடியம் கால்சியம் எல்லாத்தையும் அலசி பள்ளத்துக்கு கொண்டு போயிடுது, மிச்சம் இருக்குறது புளிச்ச மண்ணு, டீக்கு ரொம்ப பிடிச்ச மண்ணு. மாடு மேயற புல்லுலயும் உப்பு சத்து கம்மிதான், அதனாலதான் படுகர் மக்களோட ஊர்கள்ல, அதாவது ஹட்டிகள்ல, உப்பட்டுவ ஹப்பான்னு மாட்டுக்கு உப்புத்தண்ணி குடுக்குறதுக்குன்னே ஒரு பண்டிகை இருக்கு, தோடர்களும் எருமைக்கு உப்பு குடுக்குறத சடங்காவே செய்வாங்க. பாலைவனத்துல அப்படியே தலைகீழ். பெய்யற கொஞ்ச மழை எங்கயும் ஓடிப்போகாது, அங்கயே ஆவியாகிடும், தண்ணி மேல போயிடும், தண்ணில இருந்த உப்பு மட்டும் மண்ணுல தங்கிடும். வருஷம் வருஷமா இப்படி சேந்து சேந்து மண்ணே உப்பாயிடும்.

இந்தச் செடி பொறந்த ஊர்ல வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா பெரிய விஷயம். 2009 நவம்பர்ல நம்ம ஊட்டி பக்கத்து கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அது இந்தச் செடிக்கு மூணு வருஷத்து மழைக்கு மேல. அப்ப நாம செய்ய வேண்டியது என்னன்னா மழைய தள்ளி வைக்கணும், புளிப்ப எடுக்கணும், உப்ப நாமளே குடுக்கணும், இந்த மூணுதான், கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இதுக்குள்ள அடங்கிடும்.

ஸ்டெப் 1: விதை வாங்குறது

வெளிநாட்டுல இருந்து கவர்ல போட்டு விதை வரவழைக்காதீங்க. வெளிநாட்டு விதைய கொண்டு வர்றதுக்கு தாவர தடுப்புக்காப்பு சட்டத்துல பர்மிட் வேணும், அது சும்மா ஃபார்மாலிட்டி இல்ல, சீகையும் உண்ணிச்செடியும் நம்ம சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன பண்ணுச்சுன்னு பாத்த ஊர்க்காரங்க நாம. ராஜஸ்தான் குஜராத் பக்கம் உவர்நிலத்துல நடறதுக்குன்னு ஆட்ரிப்ளெக்ஸ் வச்சிருக்காங்க, எனக்கு கட்ச் பக்கம் வேலை பாக்குற சித்தப்பா மகன் ஒரு பேப்பர் பொட்டலத்துல கொண்டு வந்து குடுத்தான். கெடைக்கலன்னா வேதாரண்யம் முத்துப்பேட்டை பக்கம் சதுப்புல வளர்ற உமரிய வச்சும் இதே வேலைய பண்ணலாம், அது உப்ப சமாளிக்கிற விதம் வேற, இலைய சதையா வச்சுக்கிட்டு உள்ளயே அடக்கி வச்சுக்கும், வெள்ளி பொடி எல்லாம் இருக்காது.

ஸ்டெப் 2: ஊறப்போடுறது, தண்ணி மாத்துறது (இத விடவே கூடாது)

விதைன்னு நம்ம கைக்கு வர்றது உண்மையில விதை இல்ல, ரெண்டு குட்டி இலை ஒட்டி ஒரு விசிறி மாதிரி மூடிக்கிட்டு உள்ள ஒரே ஒரு விதைய வச்சிருக்கும். நிறைய விசிறிக்குள்ள ஒண்ணுமே இருக்காது, அதனால பத்து போட்டா ரெண்டு மூணு முளைச்சா போதும்னு மனச தேத்திக்கோங்க.

மொத வருஷம் நான் இத அப்படியே மண்ணுல போட்டு தண்ணி ஊத்தி ஒரு மாசம் காத்திருந்தேன், ஒண்ணு கூட வரல. விதை பழசா போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன், தப்பு என் பக்கம்தான். அந்த மூடி இலைக்குள்ள உப்பு இருக்கு, அந்த உப்பு இருக்குற வரைக்கும் விதை முளைக்காது. ஏன்னா பாலைவனத்துல ஒரு தூறல நம்பி முளைச்சா அடுத்த வாரமே கருகிடும், நல்ல மழை பெய்ஞ்சு மூடில இருக்குற உப்ப அலசி எடுத்தாதான் மண்ணுக்குள்ளயும் ஈரம் எறங்கி இருக்கும், அப்ப முளைச்சாதான் பொழைக்கும். மழைய அளக்குற கருவிய விதை தன் மேலயே போட்டுக்கிட்டு இருக்கு, எனக்கு இந்தச் செடியில ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

அதனால நாம அந்த மழையா இருக்கணும். ஒரு வடிகட்டில விதைய போட்டு கிண்ணத்துல மழைத்தண்ணில முக்கி வைங்க, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ தண்ணிய கொட்டிட்டு புதுசா ஊத்துங்க, ரெண்டு நாள். மொதல்ல ஊறுன தண்ணிய கொஞ்சம் நாக்குல வச்சு பாத்தா வித்தியாசம் தெரியும், கடைசித் தண்ணி சப்புன்னு இருக்கணும். பொறுமை இருந்தா காஞ்ச மூடிய விரல்ல கசக்கி எடுத்துட்டு உள்விதைய மட்டும் போடலாம், இன்னும் சீக்கிரம் வரும்.

ஸ்டெப் 3: மண்ணு

20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும், அடியில விரல் நுழையற அளவுக்கு எட்டு பத்து ஓட்டை போடுங்க, ரெண்டு இன்ச் ஜல்லி. மண்ணு கலவை ஒரு பங்கு செம்மண், ரெண்டு பங்கு கழுவுன மணல். டீ தோட்டத்துல போடுற டாலமைட் எல்லா உரக்கடைலயும் கெடைக்கும், வாளிக்கு ரெண்டு கைப்பிடி நல்லா கலந்து விடுங்க, நம்ம மண்ணோட புளிப்பு எறங்கும், இந்தச் செடிக்கு நடுநிலை மண்ணு இல்லன்னா சுண்ணாம்பு சார்ந்த மண்ணுதான் ஒத்துக்கும். தொழு உரம் ஒரு கை போதும். ஏதோ ரோஜாச்செடின்னு நெனச்சு அள்ளிப் போட்டா ஈரத்த புடிச்சு வச்சு வேர அழுக வச்சிடும்.

விதைப்பு மார்ச் ஏப்ரல்ல. அரை சென்டிமீட்டருக்கு மேல ஆழம் வேண்டாம். பத்து பதினஞ்சு நாள்ல முளை தெரியும், மொத ரெண்டு மாசம் உப்பு எதுவும் குடுக்காதீங்க, சின்னக் குழந்தைக்கு நல்ல தண்ணிதான்.

ஸ்டெப் 4: எடம்

கோத்தகிரி கொடைக்கானல் மாதிரி வடகிழக்கு பருவமழை அதிகமா வாங்குற எடத்துல மழை பெரும்பாலும் கெழக்க இருந்து சாஞ்சு அடிக்கும், அதனால மேக்கு இல்லன்னா தெக்கு பாத்த செவுத்தோரம், மேல தாழ்வாரம் நீட்டிக்கிட்டு இருந்தா நல்லது, இல்லன்னா நாலு குச்சி நட்டு கண்ணாடி மாதிரி ஷீட்ட சாச்சு போடுங்க, நாலு பக்கமும் காத்து போகணும். கூடலூர் பக்கம்னா தென்மேற்கு மழைதான் அடிக்கும், அதுக்கேத்த மாதிரி தெசைய மாத்திக்கோங்க. பாலிஹவுஸ் உள்ள வைக்காதீங்க. உள்ள வேர்த்து கெடக்கும், அது கார்னேஷன் பூவுக்கு சரி, இதுக்கு ஆகாது. எனக்கு மொத செடி போனது அப்படி இல்ல, மூடாம விட்டதுலதான் போச்சு, ஒரு நவம்பர்ல அஞ்சு நாள் விடாம பெய்ஞ்சப்ப ஊருக்கு போயிருந்தேன், திரும்பி வந்து பாத்தா வாளில ஓட்டை அடைச்சு தண்ணி நிக்குது, செடிய லேசா தூக்குனதும் கையோட வந்துடுச்சு, வேரெல்லாம் கறுத்து வழவழன்னு.

ஸ்டெப் 5: உப்பு குடுக்குறது

செடி ஒரு சாண் உசரம் வந்ததும் ஆரம்பிக்கலாம். மொத வாரம் லிட்டருக்கு 1 கிராம் உப்பு, அடுத்த வாரம் 2, இப்படி ஏத்திக்கிட்டே போயி 6 கிராம்ல நிறுத்துங்க. தலை தட்டுன ஒரு டீஸ்பூன் தூளுப்பு சுமாரா 6 கிராம் வரும். கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம், அந்த அளவு உப்புக்கு பக்கத்துல போனா கூட இந்தச் செடி உசுரோட இருக்கும், ஆனா வளர்ச்சி நல்லா இருக்குறது இந்த கொஞ்சம் உப்பு இருக்குற லெவல்லதான், சுத்தமா உப்பே இல்லாத தண்ணிய விட இது அதுக்கு பிடிக்குது. மேல் மண்ணு ரெண்டு இன்ச் காஞ்சா மட்டும் ஊத்துங்க.

முக்கியமா, அடில ஒரு தட்டு வைங்க. வடியற தண்ணிய தோட்டத்துலயோ ஓடைப்பக்கமோ கொட்டாதீங்க, அடுத்த தடவ அதே தொட்டிலயே திரும்ப ஊத்துங்க. ஒரு டம்ளர்தான் வரும், இருந்தாலும் கேரட் போட்ட மண்ணுல உப்பு எறங்கக்கூடாது.

ஸ்டெப் 6: பக்கத்துல ரெண்டு தொட்டி

இத செஞ்சா விஷயம் முழுசா புரியும். அதே மண்ணுல ஒரு தொட்டில பீன்ஸ், ஒரு தொட்டில நம்ம ஊட்டி பீட்ரூட். மூணுக்கும் ஒரே உப்புத்தண்ணி. பீன்ஸ் தாங்காது, மண்ணு ஈரத்துல லிட்டருக்கு அரை கிராம் உப்பு தாண்டுனாலே மகசூல் கொறைய ஆரம்பிக்கிற பயிர் அது, இலை ஓரம் காகிதம் மாதிரி பழுப்பாகி சுருண்டுடும். பீட்ரூட் கொஞ்ச நாள் சமாளிக்கும், ஏன்னா அதோட மூதாதை கடற்கரையோரம் வளர்ற காட்டு பீட்ரூட், அதோட உப்புச்செடியும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம், நம்ம தண்டுக்கீரை பாலக்கீரையும் அந்த வகையறாதான்.

பீன்ஸ் ஏன் சாகுதுன்னா, மாங்காய உப்புல போட்டா தண்ணி விடுதுல்ல, அதேதான் வேர்ல நடக்குது. வெளிய உப்பு ஜாஸ்தின்னா தண்ணி உள்ள வராது, உள்ள இருக்குறதும் வெளிய போகப் பாக்கும். உப்புச்செடி என்ன பண்ணுதுன்னா மண்ண விட தன் உடம்ப இன்னும் உப்பாக்கிக்குது, அப்ப தண்ணி தன்னால உள்ள வரும். ஆனா உப்பு செல்லுக்குள்ள வேலை நடக்குற எடத்துல பட்டா எல்லாம் கெட்டுப்போகும். அதனால ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடுவுல இருக்குற பெரிய தண்ணிப் பையில உப்ப தள்ளி பூட்டி வச்சிடும். பையில உப்பு, வெளிய வேலை நடக்குற எடத்துல உப்பு இல்லன்னா பேலன்ஸ் போயிடுமே, அதுக்கு கிளைசின் பீட்டைன்னு ஒரு பொருள செடி தானே தயார் பண்ணி அந்த எடத்துல நிரப்பி வச்சுக்குது, அது எவ்வளவு சேந்தாலும் செல்லு வேலைய கெடுக்காது. இந்த பீட்டைன்ங்கிற பேரே பீட்ரூட் குடும்பத்துல இருந்து வந்ததுதான், மொதமொதல்ல சர்க்கரை பீட்லதான் அத கண்டுபிடிச்சாங்க.

ஸ்டெப் 7: லென்ஸ்

நகைக்கடைல வச்சிருக்குற மாதிரி 20 மடங்கு காட்டுற சின்ன லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, போன்ல மாட்டுற மேக்ரோ லென்ஸும் ஓகே. நுனியில இருக்குற எளந்தளிர கிள்ளாம வளைச்சு வச்சு வெயில் பக்கவாட்டுல விழற மாதிரி பாருங்க. இலையே தெரியாது, இலை மேல கண்ணாடி உருண்டைய கொட்டி வச்ச மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லு, கீழ குட்டிக் காம்பு, மேல பலூன். இலைக்குள்ள மிஞ்சற உப்ப காம்பு செல்லு வழியா பலூனுக்குள்ள தள்ளும், எலை வேலைக்கு எடைஞ்சல் இல்லாம உப்பு ஒதுங்கிடும். பலூன் நெறைஞ்சு வயசாகி வெடிச்சு சுருங்கி காஞ்சுடும், உப்பு மேலயே படிஞ்சிடும், முத்துன இலைய பாத்தீங்கன்னா உருண்டை இருக்காது, வெள்ளை பொருக்குதான் இருக்கும். அந்த வெள்ளை வெயில திருப்பி அடிக்குது, இலை சூடாகாம இருக்கும், ஆக குப்பைய வச்சே கூரை போட்டுக்குது.

ஒரு முத்துன இலைய கட்டைவிரலால ஈரமா தேச்சு பாருங்க, சாம்பல் பூச்சு வந்துடும், அடில சாதாரண பச்சை. பக்கத்து ஹட்டி பெரியம்மா ஒருத்தங்க இத தேச்சு பாத்துட்டு, "நாங்க மாட்டுக்கு உப்பு கரைச்சு ஊத்துறோம், இது உப்ப வெளிய தள்ளுதா"ன்னு கேட்டாங்க, அதுக்கப்புறம் வாரம் ஒரு தடவ வந்து செடி எப்படி இருக்குன்னு பாத்துட்டு போவாங்க.

ஸ்டெப் 8: உப்ப தனியா எடுத்து பாக்குறது

அஞ்சாறு முத்துன இலை, ஒரு சின்ன டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் மழைத்தண்ணி. இலைய போட்டு ஒரு நிமிஷம் ஆட்டிட்டு இலைய எடுத்துடுங்க. அந்தத் தண்ணில நாலு சொட்டு ஒரு கண்ணாடித் துண்டு மேல விட்டு அடுப்புப் பக்கத்துல காய விடுங்க. இன்னொரு கண்ணாடில வெறும் மழைத்தண்ணி, மூணாவதுல பீன்ஸ் இலை அலசுன தண்ணி. காஞ்சதும் லென்ஸ்ல பாருங்க. மழைத்தண்ணி சொட்டுல பேருக்கு ஒரு வளையம் இருக்கும், உப்புச்செடி சொட்டுல சின்னச் சின்ன கட்டம் கட்டமா படிகம் நிக்கும். கண்ணாடிய கறுப்புத் துணி மேல வச்சா இன்னும் தெளிவா தெரியும். இத வெயில் நாள்ல பண்ணுங்க, மூடுபனி நாள்ல பண்ணுனா படிகம் பத்து நிமிஷத்துல மறுபடியும் தண்ணியாயிடும், அடுப்படி ஜாடி மாதிரியே.

அக்டோபர்ல இலை நனைஞ்சு நின்னதுக்கும் இதான் காரணம், இலை மேல இருக்குற உப்பு காத்து ஈரத்த இழுத்துருக்கு.

ஸ்டெப் 9: மெதுவா வளருதுன்னு பயப்படாதீங்க

வெளிச்சத்துல உணவு தயாரிக்கிற விதத்துல இந்தச் செடி சி4ன்னு சொல்ற வகை, கரும்பு சோளம் ராகி மாதிரி. நல்ல சூடும் வெளிச்சமும் இருந்தா கொஞ்சத் தண்ணில நெறைய வளரும், குளிர்ல அந்த லாபம் கெடைக்காது. டீ பீன்ஸ் உருளைக்கிழங்கு எல்லாம் வேற வகை, அதுக்கு நம்ம ஊர் குளிரு சரியா இருக்கும். அதனால டிசம்பர் ஜனவரில உப்புச்செடி அப்படியே நின்ன எடத்துல நிக்கும், தண்ணிய பாதியா கொறைங்க, உப்ப நிறுத்திடுங்க. ஊட்டிப் பக்கம் உறைபனி விழற எடமா இருந்தா ராத்திரி ஒரு சாக்கு போத்துங்க, லேசான உறைபனிய தாங்கும், அதோட பொறந்த ஊர்லயும் குளிர்காலத்துல விழும், ஆனா ஈரமும் உறைபனியும் சேந்து வந்தா ஆபத்து. தரைல இதோட வேர் பல மீட்டர் ஆழம் போகும், தொட்டில அது முடியாது, அதனால செடி ரெண்டு மூணு அடி உசரத்துல நின்னுடும்.

ஆடு இருந்தா தள்ளி வைங்க, ரொம்ப பிடிச்சு தின்னும். ஆஸ்திரேலியால மரத்த வெட்டுனதால நிலத்தடி உப்பு மேல ஏறி கெட்டுப்போன நிலத்துல இத நட்டு ஆட்ட மேய விடுறாங்க, இலைல புரதம் நல்லா இருக்கு, ஆனா காஞ்ச இலை எடைல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சாம்பல்தான், அதாவது பெரும்பாலும் உப்பு, அதனால வேற தீவனத்தோட கலந்து நெறைய நல்ல தண்ணி வச்சுதான் குடுப்பாங்க.

ஸ்டெப் 10: கவாத்தும் குச்சியும்

பிப்ரவரி கடைசில மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க, புதுத் தளிர் வரும், பலூன் பாக்குறதுக்கு அதுதான் நல்லா இருக்கும். வெட்டுன குச்சில ரொம்ப எளசும் இல்லாம முத்தலும் இல்லாம பென்சில விட ஒல்லியா 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்து, கீழ் இலைய உருவிட்டு, வெறும் கழுவுன மணல்ல பாதி மூழ்குற மாதிரி சொருகுங்க, நெழல்ல வைங்க, மணல் ஈரமா இருந்தா போதும், சொதசொதன்னு ஆகக்கூடாது. ஒண்ணு ரெண்டு மாசத்துல லேசா இழுத்தா பிடிமானம் தெரியும். பெரும்பாலும் ஆண் செடி தனி பெண் செடி தனி, காத்துல மகரந்தம் போகும், அதனால விதை வேணும்னா ரெண்டும் வேணும், குச்சில வளர்த்தது எல்லாம் தாய்ச்செடி என்னவோ அதுவாத்தான் இருக்கும். என்கிட்ட இருக்குறது ரெண்டுமே ஆண், இந்த மார்ச்ல மறுபடியும் மிச்ச விதைய ஊறப்போட்டிருக்கேன், இன்னிக்கு காலைல நாலாவது தண்ணி மாத்துனேன், இன்னும் லேசா உப்புக் கரிக்குது.